‘வயசானா எலும்பு தேயத்தானே செய்யும்?’

கேட்டவர் கொருக்குப்பேட்டைக்காரர். அவருடைய அம்மாவுக்கு 67 வயது. துணி துவைத்த ஈரத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டு, பிரித்தாகிவிட்டது. எலும்பு கூடிவிட்டது என்று சொல்லி, ஒரு கால்சியம் மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். “எலும்பு தேய்மானம், வயசானா அப்படித்தான்னு எல்லாரும் சொல்றாங்க. இதுக்கு மேல ஏதாவது பார்க்கணுமா, இல்ல இத்தோட விட்டுடலாமா?” என்பது அவர் கேள்வி.

விட்டுவிடாதீர்கள். அந்த மணிக்கட்டு உடைந்ததை ஒரு தந்தி மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். வந்த செய்தியைப் படிக்காமல் காகிதத்தை மடித்து வைத்துவிட்டால் அடுத்தது இடுப்பிலோ முதுகிலோ வரும்.

நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் இருபது வருடத்துக்கும் மேலாக வீடு வீடாகப் போகிறேன். இடுப்பு உடைந்து ஆபரேஷன் ஆன பெரியவர்களை எழுப்பி உட்காரவைத்து, வாக்கரில் நாலடி நடக்கவைப்பதுதான் என் பிழைப்பு. புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பேன்: “இதுக்கு முன்னாடி எங்கயாவது எலும்பு உடைஞ்சிருக்கா?” முதலில் இல்லை என்பார்கள். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கும்போது மகளோ மருமகளோ, “ஆமாங்க, நாலு வருஷம் முன்னாடி கை ஒடிஞ்சுதே, அது சரியாப் போச்சு” என்பார்கள். இடுப்பு உடைந்து வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதற்கு முன்பே வேறு ஓர் எலும்பு உடைந்திருக்கிறது என்பது பல நாடுகளில் பார்த்த கணக்கு. லேசாக விழுந்து ஒருமுறை எலும்பு உடைந்தவருக்கு இன்னொன்று உடையும் வாய்ப்பு மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு. அதனால்தான் உங்கள் அம்மா விஷயத்தை ‘சின்ன அடி’ என்று சொல்ல மாட்டேன்.

முதலில் இந்தத் ‘தேய்மானம்’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துக்கொள்வோம். நம் ஊரில் முழங்கால் வலித்தாலும் தேய்மானம், கழுத்து பிடித்தாலும் தேய்மானம், எலும்பு உடைந்தாலும் தேய்மானம். முழங்காலில் தேய்வது மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு. அது வலிக்கும், வீங்கும், மாடிப்படி ஏறும்போது கடகட என்று சத்தம் போடும். உங்கள் அம்மாவுக்கு இருப்பதாக நான் சந்தேகப்படுவது வேறு நோய். டாக்டர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள், தமிழில் எலும்புப்புரை. எலும்பின் மேல்தோற்றம் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் வலைப்பின்னல் மெலிந்து, அங்கங்கே அறுந்து, ஓட்டையாகிப் போவது. இதில் வலி கிடையாது. எலும்பு உடைகிற வரை ஒரு வலியும் இருக்காது. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்ப்பவர் தன் நோயைத் தெரிந்து வைத்திருக்கிறார். எலும்புப்புரை உள்ளவருக்குத் தனக்கு ஒரு நோய் இருப்பதே தெரியாது. ஒரே வார்த்தையில் இரண்டையும் சொல்லிச் சொல்லி, வலிக்கிறதைக் கவனித்தோம், வலிக்காததைக் கோட்டை விட்டோம்.

எலும்பு கல் மாதிரி ஒருமுறை கட்டி முடித்த சங்கதி இல்லை. உள்ளே எந்நேரமும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் பழைய எலும்பை இடிக்கிற செல்கள், பின்னாலேயே புதிதாகப் பூசுகிற செல்கள். சுமார் பத்து வருடத்தில் மொத்த எலும்புக்கூடும் புதுசாகிவிடும் என்பார்கள். முப்பது வயது வாக்கில்தான் எலும்பு உச்சத்தில் இருக்கும். அதற்குப் பிறகு இடிப்பு கொஞ்சம், பூச்சு அதைவிடக் கொஞ்சம் குறைவு என்று மெதுவாகக் கணக்கு இறங்கும். பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் இடிக்கிற ஆட்களை அடக்கி வைத்திருந்த மேஸ்திரி. மாதவிடாய் நின்றதும் மேஸ்திரி போய்விடுகிறார். அடுத்த ஐந்து முதல் பத்து வருடத்தில் எலும்பு வேகமாகக் கரைகிறது. உலக அளவில் 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கும் இந்த நோயால் எங்காவது எலும்பு உடைகிறது. ஆம்பளைக்கு இது வராது என்று நினைக்க வேண்டாம். காசிமேட்டில் முப்பது வருடம் லாஞ்சில் போன ஒருவருக்கு இருமும்போதே முதுகெலும்பு நசுங்கியது. பீடி, ராத்திரிக் குடி, போதாததற்கு இளைப்புக்காக வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை. வலை இழுத்து முறுக்கேறிய கை. அந்த உடம்பைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

முதுகெலும்பு உடைவதுதான் இந்த நோயின் பெரிய கள்ளத்தனம். ‘உடைவது’ என்றால் இரண்டு துண்டாவது அல்ல. காலி அட்டைப் பெட்டியின் மேல் யாரோ உட்கார்ந்தது போல, முதுகெலும்பின் ஒரு கட்டை முன்பக்கமாக நசுங்கிவிடும். இப்படி நசுங்குவதில் மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலேயே நடந்து முடிந்துவிடுகிறது. வியாசர்பாடியில் ஒரு ஆயா, 74 வயது. ஷேர் ஆட்டோவில் பின் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார். வேகத்தடை ஒன்றில் டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒரு தூக்கு, ஒரு இடி. “அங்கியே சுருக்குனுச்சு தம்பி. வாயு புடிச்சிக்கிச்சுன்னு நெனச்சேன்” என்றார். மூன்று வாரம் பூண்டு தட்டிப் போட்ட எண்ணெயைத் தேய்த்திருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்தபோது ஒரு கட்டை புதிதாக நசுங்கியிருந்தது, அதற்கு மேலே பழையதாக இன்னும் இரண்டு. அந்தப் பழைய இரண்டும் எப்போது நடந்தன என்று அவருக்கே தெரியாது. தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கிய ஏதோ ஒரு காலையாக இருக்கலாம். நிறைந்த குடம் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. முதுகை வளைத்துக்கொண்டு அதைத் தூக்குவதைப் போல மெலிந்த முதுகெலும்புக்கு எதிரி வேறில்லை.

அந்த வீட்டில் இன்னொன்றையும் கவனித்தேன். ஆயாவின் புடவை தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது, ஓரமெல்லாம் அழுக்கு. ஜாக்கெட் முதுகில் தூக்கிக்கொண்டு நின்றது. மருமகள், “முன்னெல்லாம் கட்டினா கணுக்கால் தெரியும், இப்ப எவ்ளோ ஏத்திக் கட்டினாலும் இழுக்குது” என்று சாதாரணமாகச் சொன்னார். புடவை நீளவில்லை, ஆயா குட்டையாகிவிட்டார். வாலிபத்தில் இருந்த உயரத்திலிருந்து நாலு செ.மீ. குறைந்திருந்தாலே முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். கூன் விழுந்தால் போவது அழகு மட்டும் இல்லை. விலா எலும்பு இறங்கி வயிற்றை அமுக்கும். ரெண்டு இட்லிக்கே வயிறு நிறைந்துவிடும். மூச்சு முழுதாக இழுக்க முடியாது. எடை குறையும், எடை குறைந்தால் எலும்பு இன்னும் மெலியும். பார்வை தரையைப் பார்த்தே போவதால் எதிரே வரும் சைக்கிள் தெரியாது. ஒருமுறை தடுமாறியவர் மறுநாள் முதல் ரேஷன் கடைக்குப் போக மாட்டார், கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போக மாட்டார். பிறகு தெருமுனைக்கும் போக மாட்டார். அந்தப் பயத்தால் கால் சதை கரைந்து, சதை கரைந்ததாலேயே விழுகிறவர்கள் நிறைய.

இடுப்பு எலும்பு விஷயம் வேறு ரகம், அதில் ஒளிவு மறைவு இல்லை. விழுந்தவர் எழ முடியாது. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். தண்டையார்பேட்டையில் ஒரு ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பாத்ரூம் வாசலில் விழுந்த அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பையன்கள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். படி திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் நாற்காலியைச் சாய்க்க வேண்டும், சாய்க்கும்போதெல்லாம் ஒரு அலறல். கீழே இறங்கியதும் ஆஸ்பத்திரியா, புத்தூர் கட்டா என்று ஒரு வாக்குவாதம். நம் பக்கத்தில் இது வழக்கமாக நடப்பதுதான். ஆந்திராவின் புத்தூரிலிருந்து வந்த அந்தக் கட்டு முறைக்கு வடசென்னையில் தலைமுறை நம்பிக்கை இருக்கிறது. கை விரல், முன்கை என்று அங்கே போனவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. இடுப்புக்கு மட்டும் போகாதீர்கள் என்று காலில் விழாத குறையாகச் சொல்வேன். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி உடைந்தால் அதன் தலைக்குப் போகும் ரத்த ஓட்டமே அறுந்துபோகலாம். வெளியே என்ன கட்டினாலும் அந்த இடத்தைப் பிடிக்க முடியாது. மூன்று மாதம் படுக்கையில் போட்டால் நிமோனியா, படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, காலில் ரத்தக் கட்டி என்று வரிசையாக வரும். முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், மறுநாளே எழுப்பி உட்காரவைப்பது, இதுதான் இன்றைய முறை. உலகம் முழுக்க எடுத்த கணக்குகளில், இடுப்பு உடைந்த முதியவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் ஒரு வருடத்துக்குள் இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் பழையபடி நடப்பவர்கள் சுமார் பாதிப் பேர்தான். பணம்தான் தடை என்றால், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அது உண்டு. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவு பக்கத்திலேயே இருக்கும்போது இதில் தாமதிக்கக் காரணம் இல்லை.

உங்கள் அம்மாவுக்கு அந்த நிலை வராமல் இருக்க இப்போது என்ன செய்யலாம்?

டெக்சா என்று ஒரு ஸ்கேன். படுக்கவைத்து இடுப்பையும் கீழ் முதுகையும் எடுப்பார்கள், பத்துப் பதினைந்து நிமிடம், ஊசி கிடையாது, கதிர்வீச்சு மிகக் குறைவு. ரிப்போர்ட்டில் டி-ஸ்கோர் என்று ஒரு எண் வரும். வாலிப வயது ஆரோக்கியமான எலும்போடு ஒப்பிட்ட எண் அது. மைனஸ் 1 வரை சரி. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவே இருந்தால் எலும்பு மெலிவு. மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த வரையறை இது. ஆனால் எண்ணையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். நின்ற உயரத்திலிருந்து விழுந்தே முதுகெலும்போ இடுப்போ உடைந்திருந்தால் ஸ்கோர் என்னவாக இருந்தாலும் எலும்புப்புரை என்றே வைத்துச் சிகிச்சை கொடுப்பார்கள். மணிக்கட்டு அந்த அளவுக்கு உறுதியான சாட்சி இல்லை. அதனால் ஸ்கோரோடு, வயது, எடை, குடும்பத்தில் யாருக்காவது இடுப்பு உடைந்ததா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. மருந்துக்கடை வாசலிலும் ஃபிளாட் சங்கத்திலும் ‘இலவச எலும்பு அடர்த்தி முகாம்’ போடுகிறார்களே, குதிகாலை ஒரு சின்னப் பெட்டியில் வைக்கச் சொல்வார்கள். அது அல்ட்ராசவுண்ட். அதை வைத்து நோய் இருக்கிறது, இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. என் சொந்த மாமியாருக்கே அப்படி ஒரு முகாமில் ‘நார்மல்’ என்று சீட்டு கொடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிட்டோம், நான் உட்பட. எட்டு மாதம் கழித்து, பாயை உதறிச் சுருட்டும்போது முதுகெலும்பு நசுங்கியது. தொழில் தெரிந்த நானே ஏமாந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஸ்கேனோடு கூடவே ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்: கால்சியம், பாஸ்பரஸ், கிரியேட்டினின், வைட்டமின் டி, தைராய்டு, ரத்த எண்ணிக்கை, இ.எஸ்.ஆர். எலும்பு மெலிவதற்கு வயது மட்டும்தான் காரணமா, வேறு ஏதாவது பின்னால் நிற்கிறதா என்று பார்க்கத்தான் இது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், தைராய்டு மாத்திரை அளவு மீறினாலும் எலும்பு கரையும். 45 வயதுக்கு முன்பே கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்களுக்கு மேஸ்திரி சீக்கிரமே வேலையை விட்டுப் போனதாக அர்த்தம். வலிப்புக்கான சில பழைய மாத்திரைகள், மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு, அரிதாக மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய், எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. ஸ்டீராய்டு என்றதும் “எங்கம்மா அதெல்லாம் சாப்பிடல” என்பீர்கள். மூட்டு வலிக்குப் பேர் எழுதாத பொட்டலத்தில் பொடி வாங்கிச் சாப்பிட்டார்களா என்று தனியாகக் கேளுங்கள். பத்து வருட வலி இரண்டே நாளில் பறந்து போய், ஒரு மாதத்தில் முகம் உப்பினால், அந்தப் பொடியில் என்ன கலந்திருக்கும் என்று டாக்டர் சொல்லாமலேயே உங்களுக்குப் புரியும்.

சாப்பாட்டுக்கு வருவோம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மி.கி. கால்சியம் வேண்டும் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. ஒரு டம்ளர் பசும்பாலில், 200 மி.லி. என்றால், 240 மி.கி. அளவில் கிடைக்கும். நூறு கிராம் கேழ்வரகு மாவில் 350-ஐ ஒட்டி. ஆடி மாசம் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறோமே, அந்தக் கூழை ஆடிக்கு மட்டும் ஒதுக்காமல் வாரத்தில் நாலு நாள் வீட்டில் காய்ச்சினால் பாதிக் கவலை தீரும். முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, தயிர் எல்லாம் நல்லது. நம் ஏரியாவுக்கென்று ஒரு வரம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. காசிமேட்டில் காலையில் கூறு கட்டி விற்கிற நெத்திலி. முள்ளோடு மென்று சாப்பிடுகிற மீன் என்பதால் அந்த முள்ளில் இருக்கும் கால்சியம் முழுவதும் உங்களுக்கு. வஞ்சிரத் துண்டு எத்தனை தின்றாலும் அது கிடைக்காது, நடு முள்ளைத் துப்பிவிடுகிறோம். மட்டமான மீன் என்று நெத்திலியை ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கருவாடும் அப்படித்தான், பிபி இருந்தால் மட்டும் உப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரண்டைத் துவையல் சாப்பிடலாமா என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். தாராளமாக, ருசியான துவையல். ஆனால் அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

சாப்பாட்டில் எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு, குறைவதை மட்டும் மாத்திரையில் நிரப்பினால் போதும். உடம்பு ஒரே தடவையில் 500 மி.கி.க்கு மேல் சரியாக இழுத்துக்கொள்ளாது. கால்சியம் கார்பனேட் மாத்திரை என்றால் சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் அதை வேலை செய்ய விடாது, நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையையும் தள்ளியே போடுங்கள். கிட்னியில் கல் வரும் என்று பயந்து பாலையும் தயிரையும் நிறுத்துகிறவர்கள் உண்டு. சாப்பாட்டில் வரும் கால்சியத்தால் கல் கூடுவதில்லை. ஏற்கெனவே கல் இருந்தவர் மாத்திரைக்கு மட்டும் டாக்டரைக் கேட்டால் போதும்.

வைட்டமின் டி இல்லாமல் இந்தக் கால்சியம் குடலிலிருந்து உள்ளே போகாது. சென்னை வெயிலில் இருந்துகொண்டு டி குறைவா என்று கேட்பீர்கள். குறைவுதான், ஊரெங்கும் குறைவு. விடியற்காலை இளவெயிலில் நடப்பது இதற்கு உதவாது. தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் விழும், ஏறத்தாழ பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை. மின்ட் தெரு, பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் அந்த நேரத்து வெயில் வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. ஜன்னல் கண்ணாடி வழியாக வந்தாலும் பிரயோஜனம் இல்லை. வயதான தோலுக்கு உற்பத்தித் திறனும் குறைவு. சித்திரை வெயிலில் 67 வயது அம்மாவை மொட்டை மாடியில் நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. குறைவாக இருந்தால் 60,000 யூனிட் மருந்தை வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் கொடுப்பது வழக்கம், பிறகு மாதம் ஒன்று. ‘வாரம்’ என்ற வார்த்தையைக் கொட்டை எழுத்தில் அட்டை மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு வீட்டில் தினம் ஒன்றாகக் கொடுத்து, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், பிதற்றல் என்று அந்தப் பெரியவர் வார்டில் படுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் அஸ்திவாரம். புரை வந்துவிட்ட எலும்புக்குக் கால்சியமும் டியும் மட்டும் போதாது என்பதைத்தான் உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தனி மருந்து இருக்கிறது, அது நன்றாக வேலையும் செய்கிறது. பெரும்பாலும் முதலில் தருவது அலெண்ட்ரோனேட், வாரம் ஒரு மாத்திரை, 70 மி.கி. இடிக்கிற செல்களை அடக்குகிற மருந்து. இதை விழுங்குவதற்கு ஒரு சாஸ்திரம் உண்டு. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் பச்சைத் தண்ணீரில். அதன் பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடக் கூடாது, காபி உட்பட. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயிலேயே தங்கிப் புண்ணாக்கும். காபியோடு போட்டால் உள்ளே போகிற கொஞ்சநஞ்சமும் போகாது. எழுந்ததும் காபி டம்ளரைத் தேடுகிற கை நம் அம்மாக்களுடையது. எனவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் முன் மாத்திரை, திரும்பி வந்து காபி என்று வைத்திருக்கிறார்கள். இதுவரை தவறியதில்லை.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஜோலெட்ரானிக் ஆசிட், வருடத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றுவது. முதல் தடவை போட்டதும் ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பயப்பட வேண்டாம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியில் ஒரு கண்ணி இருக்கிறது: நன்றாக இருக்கிறதே என்று இஷ்டத்துக்கு நிறுத்தினால், அடக்கி வைத்ததெல்லாம் திரும்பப் பாய்ந்து, முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கும். அதை ஆரம்பிக்கும் முன்பே அடுத்த தவணைக்குப் பணமும் ஆளும் இருக்கிறதா என்று யோசியுங்கள். எலும்பு ரொம்பவே மோசமானவர்களுக்கு டெரிபாராடைடு, தினமும் போடும் ஊசி. இது பூசுகிற செல்களைத் தூண்டும் மருந்து. விலை அதிகம்.

பயமுறுத்தும் செய்திகளும் உங்கள் காதுக்கு வரும். தாடை எலும்பு அழுகும் என்பார்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் அளவில் அது மிக அரிது. ஆனாலும் ஆரம்பிக்கும் முன் சொத்தைப் பல்லைக் காட்டிவிடுங்கள், பல் பிடுங்கப் போனால் மருந்தைப் பற்றிச் சொல்லுங்கள். பல வருடம் சாப்பிட்ட பிறகு தொடையில் இனம் தெரியாத வலி வந்தால் உடனே எக்ஸ்ரே. இதற்காகத்தான் ஐந்து வருடம் வாக்கில், மாத்திரையைத் தொடரலாமா, ஓய்வு விடலாமா என்று டாக்டர்கள் பார்க்கிறார்கள்.

சரி, இனி என் வேலை. மருந்து எலும்பைப் பார்த்துக்கொள்ளும், ஆனால் விழுந்தால்தானே இடுப்பு உடைகிறது? வீட்டுக்குள் ஒரு தடவை அம்மாவின் கண்ணோடு நடந்து பாருங்கள். ராத்திரி இரண்டு மணி, கண்புரை ஆபரேஷன் செய்யாத கண், சிறுநீர் பிரியக் கொடுக்கும் ‘தண்ணீர் மாத்திரை’ சாப்பிட்டதால் அவசரம், தூக்க மாத்திரையின் மப்பு வேறு, சர்க்கரையால் மரத்த பாதம், அடி தேய்ந்த ரப்பர் செருப்பு. பாத்ரூம் வாசலில் அரையடி உயர நிலைப்படி. அங்கே ஓரம் சுருண்ட கால்மிதி. விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கால்மிதியைத் தூக்கி எறியுங்கள். ஒரு சின்ன விளக்கு இரவு முழுக்க எரியட்டும். கைப்பிடிக் கம்பியைச் சுவரில் துளை போட்டு மாட்டுங்கள், ஒட்டுகிற ரகம் வேண்டாம். வாடகை வீடு, ஓனர் சுவரில் ஆணி அடிக்க விட மாட்டார் என்றால் நானும் வந்து பேசுகிறேன், பல ஓனர்களிடம் பேசியிருக்கிறேன். பாத்ரூமில் உள்தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், விழுந்தால் கதவை உடைத்துக்கொண்டிருக்க முடியாது. பிபி மாத்திரை, தூக்க மாத்திரை இரண்டையும் டாக்டரிடம் ஒருமுறை மறுபார்வைக்குக் காட்டுங்கள்.

உடற்பயிற்சி என்றதும் எல்லோரும் ‘வாக்கிங் போறாங்களே’ என்பார்கள். நடை நல்லது, அது மட்டும் போதாது. தொடைக்கு வலு வேண்டும், நிற்பதில் தடுமாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். கை வைக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்காருவது, பத்து தடவை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. சாதம் வேகும் நேரத்தில் மேடையை லேசாகப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்பது. முதல் வாரம் பக்கத்தில் யாராவது நில்லுங்கள். குனிந்து கால் விரலைத் தொடுகிற பயிற்சி, டிவியில் யார் சொல்லிக் கொடுத்தாலும் வேண்டாம், முதுகை வளைத்தால்தான் கட்டை நசுங்குகிறது. அதே காரணத்துக்காகக் கோலத்தைக் குனிந்து போடாமல் முக்காலியில் உட்கார்ந்து போடச் சொல்லுங்கள், வாசல் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. குடம் இனி உங்கள் பொறுப்பு. அவர் தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் பாதி பக்கெட். வீட்டோடு முடங்கியவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள், 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. உங்கள் வார்டு சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

மணிக்கட்டையும் மறந்துவிடாதீர்கள். கட்டு பிரித்த கையை வலிக்கிறது என்று மடியிலேயே வைத்திருந்தால் இறுகிப்போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, விரல்களை மடக்கி விரித்து, சப்பாத்தி மாவு பிசையச் சொல்லுங்கள். கை வீங்கிப் பளபளவென்று ஆகி, தொட்டாலே எரிந்தால் உடனே காட்டுங்கள்.

அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது பழைய எக்ஸ்ரேயையும் அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். “கை சரியாப் போச்சு, டெக்சா எடுக்கணும்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூட்டத்தில் அவர்களாக ஞாபகம் வைத்துச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். போவதற்கு முன்னால் இன்று ராத்திரியே ஒரு வேலை. அம்மாவைச் செருப்பு இல்லாமல் சுவரோடு சுவராக, குதிகால் சுவரில் படும்படி நிற்கவையுங்கள். பின்னந்தலை சுவரைத் தொடுகிறதா என்று பாருங்கள். தலைக்கு மேல் ஒரு புத்தகத்தைப் படுக்கவைத்து, அதன் அடியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் நிற்கவைத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.